பார்வைக்கு இடைஞ்சலான ஊர்

இங்கிலாந்தில், டார்செட்டில், மில்டன் ஆபஸ் என்று ஒரு கிராமம். சரிவாக இறங்கும் ஒரே தெரு. இரு பக்கமும் கூரை வேய்ந்த 36 மண்சுவர் வீடுகள். முன்னால் புல்தரை, நடுவே சம இடைவெளி, அச்சில் வார்த்தது போல ஒன்றே மற்றொன்று. பிஸ்கெட் டப்பா மூடியில் பார்க்கிற ஆங்கிலக் கிராமம் இதுதான். பெரும்பாலானவை சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில், இரண்டாம் தரத்தில் இருக்கின்றன. வீட்டின் தன்மையைக் கெடுக்கும் மாற்றம் எதையும் அனுமதியின்றிச் செய்தால் குற்ற வழக்கு.

அந்த ஒழுங்குதான் உறுத்துகிறது. கிராமங்கள் இப்படி வளர்வதில்லை.

முதலில் இருந்த ஊரின் பெயர் மிடில்டன். பழைய மடாலயத்தை ஒட்டிய சந்தை ஊர்; பள்ளிக்கூடமும் சாராயக் கடைகளும் உண்டு. 1539இல் மடம் கலைக்கப்பட்டது. 1752இல் ஜோசப் டேமர் என்ற செல்வர் அந்த எஸ்டேட்டை வாங்கி மாளிகை கட்டத் தொடங்கினார். ஜன்னலைத் திறந்தால் ஊர் தெரிந்தது. எனவே ஊர் போக வேண்டியதாயிற்று. குத்தகைகள் முடிய முடிய வீடுகளை வாங்கி இடித்தார். ஹாரிசன் என்ற வக்கீல் ஒருவர் மட்டும் நகர மறுத்ததாகவும், ஏரி மதகைத் திறந்து அவர் வீட்டில் தண்ணீர் விட்டதாகவும், வக்கீல் வழக்குப் போட்டு ஜெயித்ததாகவும் சொல்கிறார்கள். பள்ளிக்கூடம் 1785இல் பிளாண்ட்ஃபோர்டுக்குப் போயிற்று. ஊர் இருந்த இடம் புல்வெளி ஆயிற்று. நிலக்காட்சி அமைப்பதில் பேர்பெற்ற கேப்பபிலிட்டி பிரவுன் இதில் வேலை செய்திருக்கிறார். 1780 வாக்கில், மாளிகையின் கண்ணுக்கு எட்டாத பள்ளத்தில் இந்தப் புதுத் தெரு எழுந்தது. ஒரு வீட்டுக்கு இரண்டு குடும்பம்.

பாதுகாப்புப் பட்டியலின் வேர் 1944, 1947ஆம் வருஷத்துத் திட்டமிடல் சட்டங்களில். இப்போது அமலில் இருப்பது 1990ஆம் வருஷத்துச் சட்டம். 'கட்டடக்கலைச் சிறப்பு அல்லது வரலாற்றுச் சிறப்பு' என்று அதில் இருக்கிறது. வரலாறு என்ற சொல் இருந்தும் என்ன? நிற்கிற சுவரைத்தான் பட்டியலில் ஏற்ற முடியும். இடித்தவனின் ரசனைக்குத் தரம் உண்டு, இடிபட்டதற்குக் கிடையாது. இந்த வீடுகளைக் காப்பாற்றக் கூடாது என்பதல்ல என் கட்சி. அவை அழகானவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த அழகு ஒரு வெளியேற்றத்தின் ரசீதும்கூட. வடிவம் ஒன்றே போதும் என்று நம் பத்திரிகைகளில் எழுதுகிறவர்கள் இந்தத் தெருவில் ஒருமுறை நடந்து பார்க்கலாம்.

கோல்ட்ஸ்மித்தின் 'கைவிடப்பட்ட கிராமம்' 1770இல் வந்தது. அதற்கு மூலம் வேறு ஊர் என்கிறார்கள். அவர் அழுது முடித்த பிறகும் டேமர் இடித்துக்கொண்டிருந்தார்.

காப்பாற்றப்படுவதும் டேமர் விட்டுப்போன தெரு அல்ல. வீடுகள் அன்று மஞ்சள், இன்று வெள்ளை. நடுநடுவே நின்ற குதிரைச் செஸ்ட்நட் மரங்களை 1953இல் வெட்டிவிட்டார்கள். மிடில்டனிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து 1779இல் மறுபடி கட்டிய ஒன்று மட்டும் இந்த வரிசையில் உண்டு: 1674ஆம் வருஷத்து ஏழைகள் விடுதி. கிராமத்தைவிட நூறு வருஷம் மூத்த கட்டடம்.