கண்ணுக்குள் மாறுவேஷம்

ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் தன்வந்திரிக்குத் தனிச் சந்நிதி உண்டு. பெருமாளைச் சேவிக்கிற அவசரத்தில் அநேகம் பேர் அதைக் கவனிப்பதில்லை. நானும் வெகுகாலம் கவனித்தவன் அல்ல. கோயிலில் ஓர் ஆரோக்கியசாலை இருந்ததையும், பழுதுபட்ட அதைக் கருடவாஹன பட்டர் என்பவர் புதுப்பித்துத் தன்வந்திரியைப் பிரதிஷ்டை செய்ததையும் 1493ஆம் வருஷத்துக் கல்வெட்டு ஒன்று சொல்லுகிறது. அங்கே வந்தவர்களில் கண் மங்கியவர்களும் இருந்திருப்பார்கள். இமையை விலக்கிப் பார்த்து வைத்தியர் ஏதோ நிதானித்திருப்பார். உள்ளே பார்க்க அவருக்கு வழி ஏது?

முந்நூறு வருஷம் கழித்தும் வழி பிறக்கவில்லை. பக்கத்துத் தஞ்சாவூரில் 1798 முதல் 1832 வரை அரசராக இருந்த சரபோஜி, கண் நோயாளிகளின் விவரங்களை எழுதச் செய்து, அவர்கள் கண்களை வர்ணச் சித்திரங்களாகவும் தீட்டச் செய்தார். சரஸ்வதி மகாலில் அவை இன்னும் இருக்கின்றன. அழகான சித்திரங்கள்தாம், ஆனால் எல்லாம் வெளிக்கண். கருமணி வழியே உள்ளே எட்டிப் பார்க்கும் கருவியை ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் வெளியிட்டது 1851இல்.

அதற்குப் பிறகாவது சிரமம் தீர்ந்ததா? வடக்கு உத்தர வீதியில் அறுபது தாண்டிய ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராஜகோபுரத்தை நிமிர்ந்து பார்த்தால் அதன் மேல் பூச்சி பறக்கிறது. பார்வை புகை படிந்தாற்போல் இருக்கிறது. வலி இல்லை, சிவப்பு இல்லை. டாக்டர் கருவியை வைத்துப் பார்க்கிறார். கண்ணை நிறைத்திருக்கும் விட்ரியஸ் என்ற பாகில் வெள்ளை அணுக்கள் மிதக்கின்றன. அழற்சி என்கிறார். நம் நாட்டில் க்ஷயரோகம் கண்ணையும் பிடிக்கும். ஆகையால் அந்தச் சந்தேகமும் எழுகிறது. ஸ்டீராய்டு கொடுக்கிறார். பூச்சி குறைகிறது. பெரியவர் சந்தோஷமாகத் தேங்காய் உடைக்கிறார். சில மாதங்களில் பூச்சி திரும்பி வருகிறது.

அவருக்கு வந்திருப்பது லிம்ஃபோமா என்னும் புற்றுநோயாக இருக்கலாம். அதில் மிதப்பவையும் வெள்ளை அணுக்களே. புத்தி கெட்டுப்போனவை, அவ்வளவுதான். ஸ்டீராய்டு அவற்றிலும் சிலவற்றைக் கொன்றுவிடுவதால் மருந்து பலித்ததுபோல் தோன்றுகிறது. டாக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. அழற்சிக்காரர்கள் எத்தனையோ பேர் வந்து போகும் இடத்தில் இந்த நோயாளி எப்போதோ ஒருவர். ஆனால் தாமதத்துக்கு விலை கண் மட்டும் அல்ல. இந்த நோய் கொண்டவர்களில் பெரும்பாலோருக்கு அது பிற்பாடு மூளையிலும் தோன்றுகிறது.

அமெரிக்காவில் கூப்பர், ரைக்கர் என்ற இருவர் 1951இல் எழுதியதையே கண் லிம்ஃபோமாவின் முதல் வர்ணனை என்று பொதுவாகச் சொல்வார்கள். அன்று அதை நிரூபிக்கப் பெரும்பாலும் கண்ணையே எடுத்தாக வேண்டும். 1970ஐ ஒட்டி மயாமியில் மாக்கெமர், சிறு துவாரம் வழியே பாகை வெட்டி உறிஞ்சும் சிகிச்சையைக் கொண்டுவந்தார். கண்ணை வைத்துக்கொண்டே கண்ணுக்குள் இருப்பதைப் பரிசோதிக்க முடிந்தது.

முடிந்தது என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். எடுக்கும் பாகோ சில துளி. அதில் அசல் குற்றவாளிகள் சிலரே, காவலுக்கு வந்த நல்ல அணுக்களே கூட்டம். தக்க பக்குவம் செய்யாவிட்டால் சில மணி நேரத்தில் சிதைந்துவிடும். இன்டர்லூகின் 10 என்ற பொருள் இன்டர்லூகின் 6ஐவிட மிகுந்திருந்தால் சந்தேகம் வலுக்கும் என்று 1990களில் கண்டார்கள். எம்ஒய்டி88 என்ற மரபணுவில் ஏற்படும் ஒரு பிழையை இப்போது தேடுகிறார்கள். இத்தனை இருந்தும், முதல் தடவை ஒன்றும் அகப்படாமல் மறுபடி பாகு எடுப்பது உண்டு.

இன்னொரு சங்கடம். பரிசோதனைக்கு முன், கூடுமானால் ஸ்டீராய்டைச் சில வாரம் நிறுத்த வேண்டும். பார்வை மங்கும் என்று தெரிந்தே நிறுத்த வேண்டும். "நன்றாயிருந்த மருந்தை ஏன் நிறுத்துகிறார்கள்?" என்று பெரியவரின் சம்சாரம் கேட்கிறாள். அந்த அம்மாளுக்கு என்ன பதில் சொல்வது?

கண்ணைத் திறப்பவரும் அணுவைப் படிப்பவரும் கூப்பிடு தூரத்தில் இருப்பதே நல்லது. ஆகவே ஒரு ராத்திரி பெரியவர் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் புறப்படுகிறார். மருந்தை நிறுத்திப் பத்து நாள் ஆகிறது. ரயில் கொள்ளிடத்தைத் தாண்டும்போது கோபுரம் இருக்கும் திக்கில் திரும்பிப் பார்க்கிறார். விளக்குகள் தெரிகின்றன, அவற்றின் மேல் பூச்சிகளும்.