தலைக்காயம்: சத்து மாத்திரை எப்போது உதவும், எப்போது உதவாது?

ஓசூரை அடுத்த ஜூஜுவாடியில் தேசிய நெடுஞ்சாலை 44 தமிழகத்திலிருந்து கர்நாடகத்துக்குள் நுழைகிறது. கனரக லாரிகளும், ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்பும் தொழிலாளர்களின் பைக்குகளும் ஒரே சாலையில் ஓடும் பகுதி இது. விபத்தில் தலையில் அடிபட்டவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும், பார்க்க வருபவர்கள் ஆளுக்கொரு மாத்திரை, டானிக், பவுடர் சொல்வார்கள். கடன் வாங்கியாவது அவற்றை வாங்கிக் கொடுக்கும் குடும்பங்கள் பல. அதற்கு முன் இவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

உணவே முதல் மருந்து

பலத்த மூளைக்காயம் அடைந்த உடல் வழக்கத்தைவிட அதிகமான சக்தியைச் செலவழிக்கும். தசைகள் வேகமாகக் கரையும். அதனால்தான் 5ஆம் நாளுக்குள், தாமதமானாலும் 7ஆம் நாளுக்குள், அடிப்படைத் தேவைக்கான உணவு முழுமையாகச் சேர வேண்டும் என்று 2016இல் வெளியான சிகிச்சை வழிகாட்டி கூறுகிறது. தீவிர சிகிச்சையில் உடல் எடையில் கிலோவுக்கு 1.5 முதல் 2.5 கிராம் வரை புரதம் தரப்படுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்குக் குறைந்தது 90 கிராம். ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம்தான். வீட்டுக்கு வந்தபின் எவ்வளவு தேவை என்பதை டயட்டீஷியனிடம் கேளுங்கள். முட்டை, மீன், கோழி, பருப்பு, தயிர் ஆகியவற்றால் அந்த அளவை எட்ட முடியாதபோதுதான் புரதப் பவுடர் தேவைப்படும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

ஆய்வு சொன்னது

மூளைக்காயத்துக்கு நம் நாட்டில் பரவலாகத் தரப்படும் சிட்டிகோலின், அமெரிக்காவின் 8 மருத்துவமனைகளில் 1,213 பேரிடம் சோதிக்கப்பட்டது. தினம் 2,000 மில்லிகிராம் வீதம் 90 நாட்கள் கொடுத்தும், வெற்று மாத்திரை பெற்றவர்களைவிட அவர்கள் கூடுதலாகத் தேறவில்லை. இந்த முடிவு 2012இல் வெளியானது.

கவனிக்க வேண்டியவை

* புரை ஏறுதல்: தண்ணீர், டீ போன்ற நீர்த்த பானங்களில்தான் பெரும்பாலும் புரை ஏறும். அது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம். விழுங்கும் திறனைப் பரிசோதித்த பிறகே வாய்வழி உணவு கொடுங்கள்.

* வலிப்பு மருந்து: மூக்குக் குழாய் வழியே தரும் உணவுடன் ஃபெனிடோயின் சேர்ந்தால், மருந்து உடலில் சரியாகச் சேராது. எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஃபோலிக் அமிலம் அதிகமானாலும் இந்த மருந்தின் வீரியம் குறையும்.

* இரத்தக் கசிவு: மீன் எண்ணெய், ஜின்கோ, அதிக அளவு வைட்டமின் ஈ ஆகியவை, இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவருக்கு இரத்தக் கசிவு அபாயத்தைக் கூட்டலாம்.

* கேப்சூல் உறை: பல உறைகள் விலங்கு ஜெலட்டினால் ஆனவை. ஹலால் குறித்து ஐயமிருந்தால் சைவ உறையோ, திரவ வடிவமோ கிடைக்குமா என்று கேளுங்கள்.

* கருஞ்சீரகம், தேன்: கொடுப்பதாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சர்க்கரை நோயாளிக்குத் தேனில் கவனம் தேவை.

* ரமலான்: நோயாளி நோன்பைப் பின்னர் நோற்றுக்கொள்ளக் குர்ஆன் (2:185) சலுகை அளிக்கிறது. வலிப்பு மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடாதீர்கள்.

ஜூஜுவாடியிலிருந்து பெங்களூரு நோக்கிச் செல்லும் அதே ஓசூர் சாலையில்தான் நிம்ஹான்ஸ் மருத்துவமனை உள்ளது. அங்கோ வேறு எங்கோ மறுபரிசோதனைக்குச் செல்லும்போது, வீட்டில் கொடுக்கும் எல்லா மாத்திரை, பவுடர், நாட்டு மருந்துகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எது தேவை, எதை நிறுத்த வேண்டும் என்று மருத்துவர் அவற்றைப் பார்த்துச் சொல்லட்டும்.