பங்கிட்ட கணக்கு

பெருங்கணக்கு ஒன்றைப் பலரிடம் பகிர்ந்தளித்தால் விரைவில் முடியும் என்பது யாவரும் அறிந்ததே. எவ்வாறு பகிர்வது என்பதிலேதான் தொல்லை தொடங்குகிறது.

லூயிஸ் ரிச்சர்ட்சன் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1922-இல் வெளியிட்ட நூலில் ஒரு கற்பனை அரங்கம் வருகிறது. அங்கே 64,000 மனிதர்கள் அமர்ந்து உலகின் வானிலையைக் கணக்கிடுகிறார்கள். நடுமேடைத் தலைவர், முந்துவோர்மீது செவ்வொளியும் பின்தங்குவோர்மீது நீல ஒளியும் பாய்ச்சுவாராம்.

அவ்வரங்கம் பெங்களூரில் சிறு அளவில் உருப்பெற்றது. தேசிய விமான ஆய்வுக்கூடத்தில், ரொத்தம் நரசிம்மா இயக்குநராக இருந்தபோது, 1986-இல் 'புளோசால்வர்' என்னும் இணைக்கணினி உருவாயிற்று. அதில் இன்டெல் 8086 வகைச் செயலிகள் நான்கே. அந்நாளில் மாபெருங்கணினி வேண்டுமாயின் அமெரிக்க அரசின் ஏற்றுமதி அனுமதிக்காகக் காத்துக்கிடக்க வேண்டியிருந்தது. காற்றோட்டக் கணக்குகளுக்கெனப் பிறந்த இக்கணினியின் பிற்காலப் பதிப்புகள் வானிலைக் கணிப்பையும் மேற்கொண்டன.

டி-80 என்னும் கணிப்புமுறை பூமியை 128 அட்சவரிசைகளாக வகுக்கிறது. நான்கு செயலிகளுக்கு அடுத்தடுத்து 32 வரிசைகள் கொடுத்தால் நீதியாகிவிடுமா? ஆகாது. வெப்ப மண்டலத்தில் இடிமேகக் கணக்கு மிகுதி. ஞாயிறு காணாத துருவ இரவிலோ வெயிற்கணக்கே இல்லை. மொழிபெயர்ப்புப் பணியில் உழன்ற எனக்கு இது வியப்பன்று: முப்பது பக்க முகவுரையும் முப்பது பக்கச் சட்டப்பிரிவும் எண்ணிக்கையில் மட்டுமே சமம். ஒவ்வொரு காலப்படியிலும் எல்லா விடைகளும் ஒன்றுகூடினாலன்றி அடுத்த படி இல்லையாதலால், கடைசியாக முடிக்கும் செயலிக்காக மற்றவை காத்திருக்கும். மழை பெய்த பின்னர் வரும் முன்னறிவிப்பால் உழவனுக்கு என்ன பயன்?

இக்குறையைக் கண்டறிவதும் எளிதன்று. காத்திருக்கும் செயலி, 'செய்தி வந்ததா?' என்று ஓயாது பார்த்துக்கொண்டிருப்பதுண்டு. மேற்பார்வைக்கு அது முழு உழைப்பாகவே தோன்றும். ஆகவே கணக்கிட்ட நேரத்தையும் காத்திருந்த நேரத்தையும் செயலிதோறும் பிரித்து அளக்க வேண்டும். வேற்றுமை தெரிந்தபின், வரிசைகளைச் சீட்டுப் பகிர்வதுபோல் மாற்றி மாற்றிக் கொடுத்தால் பளு பெரும்பாலும் ஒத்துவரும். செயலிகளின் எண்ணிக்கையை மட்டும் கூட்டுவது காத்திருப்போரைக் கூட்டுவதாகவே முடியலாம்.

2022-இல் பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தில் நிறுவப்பெற்ற 'பரம் பிரவேகா' 3.3 பெட்டாபிளாப் ஆற்றலுடையது. இத்தகைய பெருங்கணினிகளில் பலருடைய வேலைகள் வரிசையில் நிற்கும். இடம் ஒதுக்கும் நிரலே அங்கு மேடைத்தலைவர். ஒருவர் நூறு செயலிகள் கேட்டுப் பெற்றுப் பத்தையே பயன்படுத்தினால், எஞ்சிய தொண்ணூறும் அவர் பெயரிலேயே முடங்கிக் கிடக்கும். வரிசையில் அடுத்து நிற்பவர் வெளியே காத்திருப்பார்.