சாக்குப்பை, நாய் வண்டி, ஒரு வெட்டுப்பட்ட காது

இன்னைக்கு எபிசோட் ஒரு சாக்குப்பையில இருந்து ஆரம்பிக்குது.

குருவிகுளத்துல எங்க ஆச்சி வீட்டுக்குப் பின்னால ஒரு மாட்டுத்தொழுவம். அங்க ஒரு பூனை வருசத்துக்கு ரெண்டு தடவை குட்டி போடும். குட்டிங்க கொஞ்சம் பெருசானதும் ஆச்சி சாக்கை என் கையில குடுப்பாங்க. "ஏலே, கம்மாய்க்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வா. சாக்கை நாலு சுத்து சுத்தி விடு, இல்லன்னா வழி கண்டுபிடிச்சு வந்துரும்." நானும் விட்டுட்டு வந்திருக்கேன். அதுங்க அப்புறம் என்ன ஆச்சுன்னு யோசிச்சதே இல்ல. ஆனா ஒண்ணு ஞாபகம் இருக்கு. அந்தத் தொழுவம் ஒரு நாளும் பூனை இல்லாம இருந்ததில்ல.

இப்போ சென்னையில நான் இருக்கிற அப்பார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்லயும் அதே பேச்சுதான். ராத்திரி சண்டை போடுது, படிக்கட்டுல நாத்தம், புடிச்சு எங்கயாவது விட்டுரலாம். அதே சாக்கு. இப்போ அதுக்குக் கொட்டேஷன் கேக்குறாங்க, அவ்வளவுதான்.

இந்த யோசனையை ஒரு மாநகரமே நூறு வருசத்துக்கு மேல டெஸ்ட் பண்ணிப் பார்த்திருக்கு. பூனையில இல்ல, நாயில. மெட்ராஸ்ல தெருநாய்களைப் பிடிச்சுக் கொல்ற வேலை 1860 வாக்குல ஆரம்பிச்சதா சொல்றாங்க. நாய் பிடிக்கிற வண்டி தெருவுக்குள்ள வந்தா பிள்ளைங்க ஓடி ஒளிஞ்ச கதையைப் பழைய மெட்ராஸ்காரங்க இன்னும் சொல்வாங்க. ஒன்றரை நூற்றாண்டு நெருங்கும்போது, 1990களின் நடுவுல, ஒரு நாளைக்கு 135 நாய் வரைக்கும் கொன்னுட்டு இருந்தாங்க. யோசிச்சுப் பாருங்க. கொல்றது வேலை செஞ்சிருந்தா அந்த எண்ணிக்கை குறைஞ்சிருக்கணும் இல்லையா?

இந்தக் கணக்கு உதைக்குதுன்னு கேள்வி கேட்டவங்கள்ல முக்கியமானது புளூ கிராஸ் அமைப்பு. விமானியா இருந்த கேப்டன் வி. சுந்தரம் 1959ல தொடங்கினது. பிறகு அவர் மகன் சின்னி கிருஷ்ணா அந்த வேலையை எடுத்து நடத்தினார். அவரும் நம்மள மாதிரி இன்ஜினியர்தான். கொல்றதுக்குப் பதிலா கருத்தடை பண்ணி, வெறிநோய் தடுப்பூசி போட்டு, பிடிச்ச இடத்துலயே திருப்பி விடுங்கன்னு அவங்க 1964லயே சொல்லிட்டாங்க. மாநகராட்சி கொல்றதை விட்டுட்டு அந்தப் பாதைக்கு வந்தது 1996 செப்டம்பர்ல. நடுவுல 32 வருசம்.

ஏன் 'பிடிச்ச இடத்துலயே'? நாம சர்வர்ல ஒரு ப்ராசஸை கில் பண்ணுவோம், அடுத்த நிமிசம் அது தானா ரீஸ்டார்ட் ஆகி நிக்கும். அதைக் கிளப்பி விடுறது எதுன்னு பார்க்காத வரைக்கும் இதே கதைதான். தெருவுல அந்தக் காரணம் சாப்பாடும் இடமும். குப்பைத்தொட்டியும் ஒதுங்க மூலையும் அப்படியே இருக்கு, பிராணி மட்டும் போயிருச்சுன்னா பக்கத்துத் தெருவுல இருந்து வேற ஒண்ணு வரும். மிச்சம் இருக்கிறதுக்குப் போட்டி குறையும், அதோட குட்டிங்க அதிகமா பிழைக்கும். கருத்தடை பண்ணின பிராணி அந்த இடத்தைத் தன்னோடதா வச்சிருக்கும், ஆனா பெருகாது.

சரி, பூனைக்கு இது செட் ஆகுமா? அதுக்கு நம்ம ஆளுங்க நிறைய பேர் இருக்கிற சிங்கப்பூருக்குப் போகணும். அங்க 1998ல அரசாங்கமே தெருப்பூனைகளுக்குக் கருத்தடைத் திட்டம் கொண்டுவந்துச்சு. அக்கம்பக்கத்துல சோறு வைக்கிறவங்களே பூனையைப் பிடிச்சுக் குடுத்து, திரும்ப வாங்கிட்டுப் போய் பார்த்துக்கணும். 2003ல சார்ஸ் வந்தது. தெருப்பூனையால அது மனுசங்களுக்குப் பரவினதா ஆதாரம் இல்ல. ஆனா பயம் ஆதாரத்துக்குக் காத்திருக்கல. திட்டத்தை நிறுத்திட்டாங்க, பூனைகளைப் பிடிச்சுக் கொல்றது தீவிரமாச்சு. அஞ்சு வருசமா தெருத்தெருவா அலைஞ்சவங்க உழைப்பு அதோட போச்சு. அதே அரசாங்கம் 2011ல மறுபடியும் கருத்தடைக்கே வந்தது. வீவக வீடுகள்ல பூனை வளர்க்க 1989ல இருந்த தடையையும் 2024 செப்டம்பர்ல எடுத்துட்டாங்க.

நம்ம ஊர்லயும் சட்டம் மாறியிருக்கு. 2001ல மத்திய அரசு கொண்டுவந்த கருத்தடை விதிகளோட பேர்லயே அடைப்புக்குறிக்குள்ள 'நாய்கள்'னு இருக்கும். 2023 மார்ச்ல வந்த புது விதிகளோட பேர்ல அந்த அடைப்புக்குறி இல்ல. பூனையும் உள்ள வந்துருச்சு.

இதுக்காக பூனையைப் பத்திப் புகார் சொல்றவங்க எல்லாம் கல்நெஞ்சக்காரங்கன்னு நான் சொல்ல வரல. நாத்தம் நிஜம், சண்டை நிஜம். குருவிகுளம்னு பேர் வச்ச ஊர்க்காரன் நான், பூனை குருவி பிடிக்கும்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பூனை குறையணும்னுதான் நானும் சொல்றேன். எப்படின்றதுதான் கேள்வி.

வேலை இப்படி. தினமும் ஒரே நேரத்துல, ஒரே இடத்துல சோறு வச்சுப் பழக்கி, மொத்தம் எத்தனைன்னு எண்ணணும். அப்புறம் கூண்டுல கருவாடு வச்சுப் பிடிக்கணும். ஆபரேஷன் முடிஞ்சதும் இடது காது நுனியைக் கொஞ்சூண்டு வெட்டி விடுவாங்க. மயக்கத்துல செய்றதால வலிக்காது. தூரத்துல இருந்தே 'இதுக்கு ஆச்சு'ன்னு தெரியும், மறுபடி பிடிக்க வேண்டியதில்ல. ஆனா பத்துல ரெண்டுக்குப் பண்ணிட்டு விட்டா பலன் இல்ல. பூனை நாலஞ்சு மாசத்துலயே சினையாகும், ரெண்டு மாசத்துல குட்டி போட்டுரும். பெரும்பாலானதுக்குச் சீக்கிரமா பண்ணி, புதுசா வர்றதையும் விடாம பிடிக்கணும். மெட்ராஸுக்குத் தாமதம் விலையாச்சு, சிங்கப்பூருக்கு நடுவுல விட்டது விலையாச்சு.

எங்க குரூப்ல வர்ற ஞாயித்துக்கிழமை மீட்டிங். அந்தக் கொட்டேஷனுக்குப் பக்கத்துல இந்தக் கணக்கையும் வைக்கப்போறேன். தொழுவத்தைப் பத்தியும் சொல்லுவேன். கம்மாய்க்கு அந்தப் பக்கம் நான் விட்டுட்டு வந்த குட்டிகளுக்கு இனிமே எதுவும் பண்ண முடியாது. பார்க்கிங்ல இருக்கிற ஒன்பதுக்குப் பண்ணலாம்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.