பின் அச்சு ஆயில் சீல்: தோலிலிருந்து ரப்பர் வரை

காரின் பின் அச்சுக் கூட்டுக்குள் டிஃபரன்ஷியல் பற்சக்கரங்கள் கியர் ஆயிலில் தோய்ந்தபடி சுழல்கின்றன. பற்சக்கரங்கள் வாரி இறைக்கும் அந்த எண்ணெய் இருபக்கக் குழாய்களின் வழியே சக்கரம் வரை வந்துவிடும். குழாயின் முனையில் அதை மறிப்பது ஆயில் சீல் என்னும் ஒற்றை வளையம்தான். பெரும்பாலான பழைய கார்களில் அதை ஒட்டியே பிரேக் டிரம் இருக்கிறது. சீல் தளர்ந்தால் எண்ணெய் பிரேக் லைனிங்கில் ஊறும். ஒரு சக்கரம் பிடிக்க, மற்றொன்று பிடிக்காமல் போகும். பழைய வண்டி என்றால் கசியத்தான் செய்யும் என்று இதை விட்டுவிடுவது ஆபத்து. கசிவு எதனால் வருகிறது, எப்படித் தடுப்பது என்பதெல்லாம் இந்த வளையம் மாறிவந்த வரலாற்றிலேயே இருக்கின்றன.

1908 முதல் 1927 வரை 1.5 கோடிக்கும் மேல் தயாரான ஃபோர்டு மாடல் டி காரில் பின் அச்சை அடைத்தது கம்பளி ஃபெல்ட் வளையம். கெட்டியான கிரீஸை நிறுத்தி வைக்கவும் தூசி புகாமல் காக்கவும் அது போதும். நீர்த்த எண்ணெயையோ அளவுக்கு மீறி ஊற்றிய எண்ணெயையோ அதனால் தாங்க முடியவில்லை. ஆனாலும் அன்று சேதம் பெரிதல்ல. மாடல் டியின் மிதி பிரேக் கியர் பெட்டிக்குள் இயங்கியது. பின் டிரம்களில் கை பிரேக் மட்டுமே இருந்தது. 1920களில் மிதி பிரேக் சக்கரங்களுக்கே வந்துசேர்ந்த கார்கள் பெருகியபோதுதான் அதே கசிவு உயிர்ப் பிரச்சினையாயிற்று.

அதே பத்தாண்டில் அமெரிக்காவின் கிளீசன் நிறுவனம் ஹைப்பாய்டு பற்சக்கரத்தைக் கொண்டுவந்தது. பேக்கார்டு கார்கள் அதை முதலில் ஏற்றன. ஓட்டுத்தண்டு தாழ்ந்ததால் காரின் தளமும் தாழ்ந்தது. ஆனால் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கி உரசுவதால், கடும் அழுத்தம் தாங்கும் வேதிப்பொருள் கலந்த எண்ணெய் தேவைப்பட்டது. ஃபெல்ட் இனி உதவாது என்ற நிலையில் தோல் அந்த இடத்தைப் பிடித்தது. 1878இல் தொடங்கி தோல் வார்கள் செய்துவந்த சிகாகோ ராஹைடு நிறுவனம் கார்களுக்குத் தோல் சீல் செய்யத் தொடங்கியது. ஜெர்மனியின் வைன்ஹைம் நகரில் 1849 முதல் தோல் பதனிட்டுவந்த ஃப்ராய்டன்பெர்க் நிறுவனம், 1929 பொருளாதார நெருக்கடியில் தோல் வியாபாரம் சரிந்தபோது இதே தொழிலுக்குத் திரும்பியது. அங்கே வால்ட்டர் சிம்மர் என்ற பொறியாளர், உலோகக் கூட்டுக்குள் தோல் உதட்டை வைத்து, அது தண்டைப் பற்றும்படி வளையச் சுருள்வில்லைச் சுற்றினார். ஜெர்மன் பட்டறைகளில் ஆயில் சீலுக்கு இன்றும் ‘சிம்மரிங்’ என்றே பெயர்.

தோல் எண்ணெயை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். சற்றுச் சொரசொரப்பான தண்டையும் பொறுத்துக்கொள்ளும். சூடு கூடினால் மட்டும் கருகி இறுகிவிடும். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியில் உலர்ந்து சுருங்கும். பழைய கார்களை அவ்வப்போது ஓட்டவேண்டும் என்பதும், தோல் சீலை மாட்டுமுன் எண்ணெயில் ஊறவைக்கவேண்டும் என்பதும் இதனால்தான்.

இயற்கை ரப்பர் கனிம எண்ணெயில் ஊதிப் பெருத்துவிடும் என்பதால் அது தோலுக்கு மாற்றாகவில்லை. எரிக் கோன்ராட், எடுவார்ட் சுன்கூர் ஆகிய ஜெர்மன் வேதியியலாளர்கள் உருவாக்கிய நைட்ரைல் ரப்பர் அந்தத் தடையை நீக்கியது. 1936இல் ஃப்ராய்டன்பெர்க் செயற்கை ரப்பர் சீலுக்கு மாறியது. போருக்குப் பின் உலகமே மாறியது. நைட்ரைல் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸ் வரை நன்றாக உழைக்கும். 1957இல் டூபாண்ட் விற்பனைக்குக் கொண்டுவந்த வைட்டான் 200 டிகிரி வரை தாங்கும். சாதாரண ஓட்டத்தில் பின் அச்சுக்கு நைட்ரைலே போதுமானது.

ரப்பர் உதடு எப்படி அடைக்கிறது என்பதை இங்கிலாந்தில் ஜாகர் என்பவர் 1957இல் வெளியிட்ட ஆய்வு விளக்கியது. உதடு தண்டில் வறண்டு உரசுவதில்லை. மிக மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதக்கிறது. ஆகவே சீலின் தரத்துக்கு இணையாகத் தண்டின் பரப்பும் முக்கியம். பட்டறையில் தண்டை எமரி தாளால் தேய்க்கும்போது கையைப் பக்கவாட்டில் நகர்த்தினால் திருகுமரை போன்ற நுண்கோடுகள் விழும்; தண்டு சுழலும்போது அந்தக் கோடுகளே எண்ணெயை வெளியே இழுத்துவரும். புது சீல் மாட்டிய மறுவாரமே கசிகிறது என்ற புகார்களில் பழி பெரும்பாலும் சீல்மீது விழுகிறது. குற்றவாளி தண்டாகவே இருக்கலாம். பழைய உதடு நெடுநாள் உரசிய இடத்தில் நகத்துக்குத் தட்டுப்படும் பள்ளம் இருந்தால், இடம் இருக்கும்வரை புது சீலைச் சற்றுத் தள்ளி இறக்கலாம். இல்லையேல் சிகாகோ ராஹைடு அறிமுகப்படுத்திய வகையைச் சேர்ந்த, 0.28 மி.மீ. தடிமனுள்ள எஃகு ஸ்லீவைத் தண்டின்மேல் ஏற்றலாம்.

அடுத்தது பிரீதர். வண்டி ஓட ஓட அச்சுக் கூட்டினுள் காற்று சூடாகி விரியும். அது வெளியேறுவதற்கான சிறு துளை சேற்றாலும் பெயிண்டாலும் அடைபட்டால், அழுத்தம் எண்ணெயைச் சீலின் வழியே தள்ளும். ஆயில் சீல் அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. சீலை மாற்றுமுன் பிரீதரைக் கழற்றிச் சுத்தம் செய்வதே முதல் வேலை. எண்ணெய் மட்டமும் அப்படித்தான்: பெரும்பாலான அச்சுகளில், வண்டி சமதளத்தில் நிற்கையில் எண்ணெய் நிரப்பும் துளையின் கீழ்விளிம்பைத் தொட்டால் போதும்.

பேரிங் தேய்ந்த அச்சில் எந்தச் சீலும் நிலைக்காது. பல கார்களில் அரை அச்சுத்தண்டே வண்டியின் பாரத்தையும் சுமக்கிறது. பேரிங் ஆடினால் தண்டும் சேர்ந்து ஆடும், உதட்டால் அதைப் பின்தொடர முடியாது. சீல் மாற்றும்போதெல்லாம் தண்டை மேலும் கீழும் அசைத்துப் பார்ப்பது அவசியம்.

மாட்டும்போது உதடு எண்ணெய்ப் பக்கம் பார்த்திருக்கவேண்டும். அதில் கிரீஸ் தடவியிருக்கவேண்டும். சுத்தியலால் ஓரத்தில் தட்டாமல், விட்டத்துக்கேற்ற குழாயோ தட்டையான கட்டையோ வைத்து நேராக இறக்கவேண்டும். தண்டைத் திரும்ப நுழைக்கையில் அதன் முனைப் பற்கள் உதட்டைக் கிழிக்காதபடி தாங்கிப் பிடிக்கவேண்டும். டிரம்மினுள் ஈரம் தென்பட்டால் அது வீல் சிலிண்டரிலிருந்து கசிந்த பிரேக் ஆயிலா என்றும் பார்க்கவேண்டும்: பிரேக் ஆயில் நீர்த்திருக்கும், கியர் ஆயில் பிசுபிசுத்துக் கந்தக வாடை வீசும். கியர் ஆயில்தான் என்றால், அதில் ஊறிய லைனிங்கைத் துடைத்து மீண்டும் பயன்படுத்தாமல் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுவதே பாதுகாப்பு.