தூணுக்கொரு தையற்காரர்

மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே நிற்கும் புதுமண்டபத்தைச் சிற்பக்கலை மாணவர்கள் ஒரு விதமாகவும் மதுரைக்காரர்கள் வேறு விதமாகவும் அறிந்திருக்கிறார்கள். முதல் சாராருக்கு அது திருமலை நாயக்கர் எழுப்பிய வசந்த மண்டபம். இரண்டாம் சாராருக்கு அது துணி எடுத்து, அங்கேயே அளவு கொடுத்து, கோயிலுக்குள் போய்த் திரும்புவதற்குள் ரவிக்கை தைத்து வாங்கிய இடம். நான் இரண்டாம் சாராரில் பிறந்து, படிப்பால் முதல் சாராரில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, இப்போது இரண்டுக்கும் நடுவில் நிற்பவன். அந்தத் தையற்காரர்கள் மண்டபத்தை விட்டுப் போன பிறகுதான் அவர்களுக்கும் ஒரு வரலாறு உண்டு என்ற நினைப்பே எனக்கு வந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

பழைய இடத்திலிருந்தே தொடங்கலாம். துணி என்ற சொல் துணித்தல் என்ற வினையோடு தொடர்புடையது. சங்ககால வழக்கான அறுவை என்பதும் அப்படியே. தறியிலிருந்து அறுத்தெடுத்தது என்பதே இரண்டுக்கும் பொருள். ஆடைக்குரிய இந்தச் சொற்களில் வெட்டு இருக்கிறது, தையல் இல்லை. அறுத்த துணியை அப்படியே உடுத்தியவர்களின் மொழி இது. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒரு புலவரே சங்கத் தொகைகளில் இருக்கிறார். துணிக்கடைக்காரர் கவிஞராகவும் இருந்த ஊர் இது. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் கோவலன் மதுரைக் கடைத்தெருவைச் சுற்றி வரும்போது பருத்தி நூலிலும் மயிரிலும் பட்டிலும் நெய்த மடிகள் நூற்றுக்கணக்கில் அடுக்கிய அறுவை வீதியைக் காண்கிறான். ஆனால் தைப்பவர்களை இளங்கோவடிகள் காட்டுவது அங்கல்ல, புகார் நகரில். இந்திரவிழவூரெடுத்த காதையின் தொழிலாளர் வரிசையில் துன்னகாரர் என்ற பெயர் வருகிறது. துன்னம் என்றால் தையல்.

அப்படியானால் தைத்த துணியைச் சங்க இலக்கியம் எங்கே காட்டுகிறது? எனக்கு நினைவுக்கு வருபவை இரண்டு இடங்கள். ஒன்று பொருநராற்றுப்படை. பசியோடு கரிகாலனிடம் வந்த பொருநனின் உடை ஈரும் பேனும் குடியிருக்கும் கந்தல். வியர்வையில் நனைந்து, வேறு வேறு இழைகள் ஓடித் தைக்கப்பட்டது. அதைக் களையச் செய்து, இழை போன வழி தெரியாத மெல்லிய ஆடையைக் கொடுக்கிறான் அரசன். இங்கே தையல் வறுமையின் அடையாளம். முழுத்துணிதான் செல்வம். இன்னொன்று முல்லைப்பாட்டு. பாசறையில் அரசனுக்குக் காவல் நிற்கும் யவனர் மெய்ப்பைக்குள் புகுந்த, பார்க்க அச்சம் தரும் தோற்றத்தினர். மெய்ப்பை என்பது சட்டை. உடம்புக்கு ஒரு பை! சட்டையை முதன்முதலாகப் பார்த்தவன் வைக்கக்கூடிய பெயர் இதுதான். ஆக, தைத்த உடை ஒன்று ஏழையினுடையது, அல்லது அந்நியனுடையது.

இதே பாணர், பொருநர் மரபை வைத்து ஒரு விந்தை உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909ஆம் ஆண்டு வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளில், தமிழ்நாட்டுப் பாணர் என்ற பெயருக்குரியவர்கள் தையல் தொழில் செய்வோராகப் பதிவாகியிருக்கிறார்கள். யாழ் மீட்டிய பாணருக்கும் ஊசி பிடித்த பாணருக்கும் இடையே நேர்கோடு இழுக்கும் துணிச்சல் எனக்கில்லை. பெயர் ஒன்றாக இருப்பதாலேயே குலம் ஒன்றாகிவிடாது. ஆனாலும் கந்தலைக் களைந்து புத்தாடை பெற்றவர்களின் பெயர், இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் பிறருக்கு உடை தைப்பவர்களிடம் வந்து சேர்ந்திருப்பதைச் சும்மா கடந்துபோகவும் முடியவில்லை.

இனி மண்டபம். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர், தம் ஆட்சியின் முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள்ளாகவே இதைக் கட்டி முடித்துவிட்டார். ஏறத்தாழ 333 அடி நீளம், 105 அடி அகலம், 120க்கும் மேற்பட்ட தூண்கள். கோடையில் இறைவனும் இறைவியும் வந்து தங்குவதற்கான இடம் என்பதால் குளிர்ச்சிக்காகச் சுற்றிலும் நீர் நிற்கும் அகழி போன்ற அமைப்பு. உள்ளே விசுவநாத நாயக்கர் தொடங்கித் திருமலை நாயக்கர் வரை பத்து நாயக்க மன்னர்கள் தூணோடு தூணாகக் கைகூப்பி நிற்கிறார்கள். கல்யானைக்குக் கரும்பு கொடுக்கும் திருவிளையாடலும் ஒரு தூணில் உண்டு.

இந்த மன்னர்களின் உடையைக் கவனித்துப் பார்த்திருக்கிறீர்களா? இடுப்புக்குக் கீழே மடிப்பும் கரையுமாகச் சிற்பி துணியைக் கல்லில் நெய்திருக்கிறான். மேலே அணிகலன்கள் மட்டும். சட்டை கிடையாது. அதற்காக நாயக்கர் காலத்தில் சட்டையே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. விசயநகர அரசவையினர் கபாயி என்ற நீண்ட அங்கியையும் குல்லாயி என்ற தொப்பியையும் அணிந்ததை பிலிப் வேகனர் 1996இல் எழுதிய கட்டுரையில் விரிவாக விளக்கியிருக்கிறார். சுல்தானியர்களின் நாகரிகம் அது. அரசவையில் போடத் தக்கதைக் கடவுள் முன் கழற்றி வைத்தார்கள் என்று கொள்வதே பொருத்தம். குல்லாய் நம் மொழியிலேயே தங்கிவிட்டது. உருமாலும் அப்படித்தான், பாரசீகத்திலிருந்து வந்து மதுரைக்காரன் தலையில் ஏறிக்கொண்டது. ஊரறிந்த காட்சி இதுதான்: மேற்சட்டையில்லாத பத்து மன்னர்கள் வரிசையாக நிற்க, அவர்கள் காலடியில் சட்டை தைத்துக்கொண்டிருந்தார்கள் தையற்காரர்கள்.

மண்டபத்தில் கடைகள் என்று நுழைந்தன? 1792இல் வந்த தாமஸ், வில்லியம் டேனியல் ஓவியர்கள் இதை வரைந்தார்கள். 1858இல் லின்னேயஸ் டிரைப் ஒளிப்படம் எடுத்தார். பக்கத் தாழ்வாரத்தைக் காட்டும் அவருடைய புகழ்பெற்ற படத்தில் தூண்களும் வெளிச்சமும்தான் தெரிகின்றன. இதைக் காட்டி, பழங்காலத்தில் மண்டபம் வெறிச்சோடித் தூய்மையாக இருந்தது என்று வாதிடுவோரைக் கண்டிருக்கிறேன். அன்றைய ஒளிப்படத் தட்டு நெடுநேரம் திறந்திருக்க வேண்டும். அசையும் மனிதர்கள் அதில் பதிய மாட்டார்கள். ஆளில்லாத படம் ஆளில்லாத இடத்துக்குச் சான்று ஆகாது.

தையல் இயந்திரம் வந்த கதை தெளிவானது. ஐசக் சிங்கர் தம் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது 1851. தவணையில் விற்கும் முறையை அந்த நிறுவனம் பரப்பியது. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இந்திய நகரங்களுக்கு அது வந்து சேர்ந்துவிட்டது. 1930களின் நடுவில் கல்கத்தாவில் உஷா இயந்திரம் செய்யத் தொடங்கினார்கள். இரும்புக் கால்கள், மிதிப்பலகை, தோல் வார், மேலே ஒரு மரப்பலகை. ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் இடையே அச்சாகப் பொருந்தும் தொழிற்சாலை இது. மின்சாரம் வேண்டாம், சுவர் வேண்டாம். வெளிச்சமும் நிழலும் ஒருசேர வேண்டும். இறைவன் இளைப்பாறக் கட்டிய கல்மண்டபத்தில் அவை இரண்டும் தாராளமாக இருந்தன.

இயந்திரத்துக்கு வேலை கொடுத்தது சமூகம். தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடைக்காக நடத்திய தோள்சீலைப் போராட்டம் நாம் அறிந்ததே. 1829ஆம் ஆண்டின் அரச ஆணை உயர்சாதிப் பெண்களைப் போலத் தோளில் சீலை போடுவதை மறுத்தது. குப்பாயம் அணிந்துகொள்ள மட்டும் இசைந்தது. 1859இல்தான் தடை மேலும் தளர்ந்தது. இதில் என் கண்ணை உறுத்துவது ஒன்று: தைக்காத துணியே மேன்மை, தைத்தது தாழ்ந்தது என்ற பொருநராற்றுப்படைக் காலத்துப் படிநிலை அந்த ஆணையில் அப்படியே இருக்கிறது. ஆனால் அந்தத் தைத்த குப்பாயமே ரவிக்கையாகி எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. பொருநனின் கந்தலில் வறுமையாக இருந்த தையல், இங்கே மானமாக மாறியது. இந்தக் கதைக்கு மதுரையில் ஒரு மறுதலையும் உண்டு. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி சட்டையைத் துறந்து அரைத்துணிக்கு மாறியது மேலமாசி வீதியில், புதுமண்டபத்திலிருந்து நடந்து போகும் தொலைவில்தான். ஒருவர் துறக்க முடிந்ததை இன்னொருவர் முதலில் அடைந்தாக வேண்டியிருந்தது.

நான் பார்த்த புதுமண்டபத்தில் வேலை நடந்த விதத்தைச் சொல்ல வேண்டும். துணிக்கடை, பாத்திரக்கடை, புத்தகக்கடை, வளையல்கடை எல்லாம் நெருக்கியடித்த சந்துகள். அம்மா ஒரு கடையில் எண்பது சென்டிமீட்டர் ரவிக்கைத் துணி எடுப்பார். அளவு ரவிக்கை கைப்பையில் தயாராக இருக்கும். தையற்காரர் அதை விரித்துப் பார்த்து, 'எங்கேம்மா பிடிக்குது?' என்று ஒரே கேள்வி கேட்பார். அளவு எடுக்கும் கலையின் சாரம் அந்தக் கேள்வியில் இருந்தது என்று பிற்பாடு புரிந்தது. உடம்பின் அளவை நாடா சொல்லும், உடம்பின் குறையை ஆள்தான் சொல்ல வேண்டும். சாக்குக் கட்டியால் கோடு, கத்தரி ஓடும் ஓசை, இயந்திரத்தின் கடகடப்பு. கொக்கி கட்டவும் காஜா எடுக்கவும் பக்கத்தில் ஒருவர். நாங்கள் பொற்றாமரைக் குளத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தால் உருப்படி முடிந்திருக்கும். தலையணை உறை, உள்பாவாடை, பள்ளி நாடகத்துக்கு ராஜா உடை, தேர் அலங்காரத் தொம்பை, எதுவும் தைப்பார்கள். எல்லாம் நேர்த்தி என்று சொல்ல மாட்டேன். கல்லூரியில் சேர்ந்தபோது எனக்குத் தைத்த சட்டையின் கழுத்துப்பட்டி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டே நின்றது. மூன்றாண்டும் அதைப் போட்டேன்.

பங்குனி பிறந்தால் மண்டபத்தின் நிறமே மாறும். சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கும்போது திரியெடுத்து ஆடுவோரும், தோல்பையில் நீர் சுமந்து பீய்ச்சுவோரும் அணியும் உடைகள் அங்கே குவியும். குஞ்சம் வைத்த சல்லடம், உருமால், மணிக்கச்சை, சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக. இந்த வேடங்களையும் அவற்றை அணியும் மக்களையும் தொ. பரமசிவன் தமது 'அழகர் கோயில்' நூலில் (1989) ஆராய்ந்திருக்கிறார். அழகர் திருவிழாவை மதுரைச் சித்திரையோடு இணைத்தவர் திருமலை நாயக்கர் என்பது மரபு. அவர் இணைத்த திருவிழாவுக்கான உடை, அவர் கட்டிய மண்டபத்தில், அவர் சிலையின் அருகே தைக்கப்பட்டது. தைத்தவர்களில் பலர் முசுலிம்கள். நோன்புக் காலமும் சித்திரையும் சேர்ந்து வந்த ஆண்டுகளில் எச்சில் விழுங்காமல் அழகர் பக்தர்களுக்குக் குஞ்சம் கட்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இதை மத நல்லிணக்கம் என்று சொன்னால் அவர்கள் சிரிப்பார்கள். அது அவர்களுக்குப் பருவத் தொழில். 2020, 2021 ஆகிய இரண்டு சித்திரைகளில் பெருந்தொற்றால் மக்கள் கூடாதபோது, அந்த ஒரு மாத வருமானத்தை நம்பியிருந்தவர்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க அதிகக் கற்பனை தேவையில்லை.

2018 பிப்ரவரி 2 இரவு கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் கடைகளில் பற்றிய தீ, தூண்களையும் கூரையையும் சிதைத்தது. அதன் பிறகு கல்மண்டபத்தில் துணியும் காகிதமும் குவிந்த கடைகள் இருக்கலாம் என்று யாராலும் வாதிட முடியவில்லை. என்னாலும் முடியாது. ஆணியடித்த தூண்களையும் எண்ணெய்ப் பிசுக்கேறிய சிற்பங்களையும் பார்த்து மனம் நொந்தவர்களில் நானும் ஒருவன். 2020களின் தொடக்கத்தில் புதுமண்டபக் கடைகள், மாநகராட்சி புதிதாகக் கட்டிய குன்னத்தூர் சத்திர வளாகத்துக்கு மாற்றப்பட்டன. முடிவு சரியானது. ஆனால் அதைப் பற்றிய பேச்சில் 'ஆக்கிரமிப்பு' என்ற சொல் அடிபட்டபோதெல்லாம் எனக்குக் கசந்தது. தலைமுறைகளாக வாடகை கொடுத்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தச் சொல் பொருந்தாது. சிற்பத்தின் வயதைப் பதிவுசெய்த நாம், அதன் கீழே இருந்த தொழிலின் வயதைப் பதிவுசெய்யவில்லை. எந்தத் தூணின் கீழ் யார் இருந்தார், என்ன தைத்தார் என்று ஒரு வரைபடம் எடுத்து வைக்க எங்கள் துறையிலிருந்து பத்து மாணவர்கள் போதும். ஒரு வார வேலை. நான் அனுப்பவில்லை.

மாற்றத்துக்குப் பின் ஒருநாள், அம்மாவின் அளவு ரவிக்கையோடு புதிய வளாகத்துக்குப் போனேன். படியேறித் தேடினேன். அடைப்புக்குள் அடைப்பாகக் கடைகள், குழல்விளக்கு வெளிச்சம், இயந்திரங்களில் மோட்டார். எங்கள் தையற்காரரை முகத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். அவருக்கு என் பெயர் தெரியாது, எனக்கும் அவர் பெயர் தெரியாது. நான் அவருக்கு சார், அவர் எனக்கு பாய்.

"இடம் எப்படி இருக்கு, பாய்?"

"மழை சாரல் அடிக்கிறதில்ல சார். கதவு இருக்கு, பூட்டலாம்" என்றார். பிறகு இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "அங்க இருந்தப்ப எங்கிட்ட வாறவங்க யாரும் கடை நம்பர் கேட்டதில்ல. குதிரைக்குப் பக்கத்துல, ராணிக்கு எதுத்தாப்புல, அப்படித்தான் அடையாளம். இங்க எல்லாருக்கும் நம்பர் சொல்ல வேண்டியிருக்கு" என்றார்.

அளவு ரவிக்கையை விரித்துப் பார்த்தார். அம்மா மெலிந்துவிட்டார் என்பதை நான் சொல்வதற்கு முன்பே, தோள் தையலில் பிரித்துப் பிடித்திருந்த இடத்தை விரலால் தடவி, "எவ்வளவு உள்ள பிடிக்கணும் சார்?" என்று கேட்டார்.