கூட்டமும் குழாயும்: சர்க்கரைக் குடும்பங்களில் தமனி ஆய்வு வளர்ந்த வழி

கொங்கு வேளாளர் வீட்டுக் கல்யாணப் பேச்சில் முதலில் வருவது கூட்டம் என்னும் குலப் பிரிவு. ஒரே கூட்டத்தில் பெண் எடுப்பதில்லை. மாமன் மகளுக்கோ அத்தை மகளுக்கோ தடையில்லை. அதே குடும்பம் கோவை மருத்துவமனைக்குப் போனால், ‘வீட்ல யாருக்காவது சக்கரை இருக்குதுங்களா?’ என்ற கேள்வி வருகிறது. இரண்டும் வம்சத்தைப் பற்றிய விசாரணைதான். ஆனால் மருத்துவரின் கேள்வி ஆராய்ச்சியாக மாறியது சென்னையில். அது இரத்தக் குழாயைத் தொட்டது வெளிநாட்டில். கொங்கு மண்ணுக்கு வந்தபோதோ வேறொரு கேள்வியாக உருமாறியிருந்தது.

சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் எம். விஸ்வநாதன் 1948-இல் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். அவரும் வி. மோகன், ஏ. ராமச்சந்திரன் முதலியோரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வு, தாய் தந்தை இருவருக்கும் சர்க்கரை இருந்த வீட்டுப் பிள்ளைகளைப் பரிசோதித்தது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நோய் இருந்தது. இருபது ஆண்டு கழித்து, 2005-இல், மோகன் குழுவினர் வகுத்த இந்திய நீரிழிவு இடர் மதிப்பெண்ணில் வம்சம் எண்ணாகவே ஆனது: நூற்றுக்கு, பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20.

இந்தக் கணக்கு கொங்குக் குடும்பத்துக்கு அப்படியே பொருந்துமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. கணவனும் மனைவியும் அத்தை மகன், மாமன் மகள் என்றால் இருவருக்கும் பொதுவான தாத்தா இரு வழியாகவும் அவர்களின் பிள்ளையிடம் வந்து சேர்கிறார். அங்கே அந்த 20 இரு வெவ்வேறு வம்சங்களின் கூட்டுத்தொகை அல்ல.

குழாயின் கதை தனித் தடத்தில் ஓடியது. 1980-இல் ஃபர்ச்காட், முயலின் தமனித் துண்டின் உட்பரப்பு தேய்ந்துபோனால் அது தளர மறுப்பதைக் கண்டார். குழாயை விரியச் சொல்வது உட்பரப்பின் ஒற்றை அடுக்குச் செல்களே என்பதும், சொல்லும் சமிக்ஞை நைட்ரிக் ஆக்சைடு என்பதும் பிறகு தெளிவாயின. அதற்கு 1998-இல் நோபல் பரிசு. 1986-இல் இத்தாலியின் பிக்னோலி குழு, தமனிச் சுவரின் உள் இரு படலங்களின் தடிப்பை அல்ட்ராசவுண்டால் அளந்து காட்டியது. 1992-இல் லண்டனில் செலெர்மேயர் ஒரு சாதாரணப் பட்டையை நம்பினார். பிரஷர் பார்க்கும் அந்தப் பட்டையைச் சில நிமிடம் கையில் இறுக்கிவிட்டு அவிழ்த்தால் இரத்தம் பாய்ந்து வரும். நலமான தமனி விரிந்து கொடுக்கும், நலிந்தது அவ்வளவாகக் கொடுக்காது. தடிப்பு என்பது பல ஆண்டுகளின் படிவு. விரிவு குறைவதோ அதற்கும் முந்திய அறிகுறி.

வம்சமும் குழாயும் சந்தித்தது 1999–2000-இல். பாஸ்டனில் கபாலெரோ குழுவும் ஜெர்மனியின் ட்யூபிங்கனில் பாலெட்ஷோஃபர் குழுவும், சர்க்கரை நோயாளிகளின் இரத்த உறவினரில் இன்னும் நோய் வராதவர்களை எடுத்துக்கொண்டன. குழாய் விரியும் திறன் அவர்களிடமே குறைந்திருந்தது. ட்யூபிங்கனில் அது இன்சுலின் எதிர்ப்போடு சேர்ந்து வந்தது. சர்க்கரை நோய் வெளிப்படும்முன்பே இதயத் தமனி நோயின் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறதோ என்ற ஐயத்தை ஆய்வாளர் ஹாஃப்னர் 1990-இலேயே எழுப்பியிருந்தார். இப்போது அதற்கு உடலில் ஓர் இடம் கிடைத்தது. தமிழ்நாட்டில் சென்னை நகர மக்கள்தொகை ஆய்வும் அதையடுத்த சென்னை நகர-ஊரக ஆய்வும் கழுத்துத் தமனியை அளந்தன. நலமானவர், இடைநிலையில் இருப்பவர், நோயாளி எனப் படிப்படியாகச் சுவர் தடித்ததை 2006-ஆம் ஆண்டுக் கட்டுரை காட்டியது.

கொங்கு நாட்டில் அந்த அளவுகோல் இறங்கியது ஈரோடு மாவட்டத்தின் நல்லாம்பட்டி என்ற விவசாய ஊரில். கோவை மெடிக்கல் சென்டர் மருத்துவமனை 2015-இல் தொடங்கிய ஆய்வு அது. உட்கார்ந்தே வேலை பார்க்கும் நகரத்தார் நோய் என்று சொல்லிக்கொண்டிருந்ததைக் காட்டில் உழைக்கிறவர்களிடம் தேடிய ஆய்வு. அங்கே கழுத்துத் தமனியோடு ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்தும் ஆர்சனிக்கும் அளக்கப்பட்டன. இரண்டும் உடலில் சேர்ந்தே தேங்கியிருப்பது சர்க்கரையோடும் தமனித் தடிப்போடும் தொடர்புடையது என 2020-இல் அறிவித்தனர். ஒரே காலத்தில் எடுத்த அளவீடு என்பதால் காரணம் இதுதான் என அறுதியிட அது போதாது. ஆனாலும் வம்சக் கேள்வியை அது கிளறிவிடுகிறது.

அப்பன், ஆத்தா, பிள்ளை எல்லாரும் ஒரே கிணற்றில் குடித்து, ஒரே காட்டில் மருந்தடித்து, ஒரே உலையில் உண்கிறார்கள். மருத்துவமனைப் படிவத்தில் ‘குடும்பத்தில் சர்க்கரை: ஆம்’ என்ற கட்டத்தில் விழும் ஒரு டிக், அவர்களின் இரத்தத்தையும் கிணற்றையும் பிரித்துக் காட்டுவதில்லை.